என் வண்டியா, கொழுந்தன் வண்டியா

வாங்க தம்பி, இப்படி நிழலுக்கு வாங்க. ஷோரூம்ல இருந்துதானே அனுப்பிச்சாங்க? காலையிலேயே அந்த மேனேஜர் போன் போட்டாரு. "அக்கா, ஓடைப்பட்டியில இருந்து ஒரு பார்ட்டி வருது, நம்ம வண்டியைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லி விடுங்க"ன்னாரு. நாலு என்ன, நாப்பது சொல்றேன். அந்த மருந்து டிரம்மைக் கவுத்திப் போட்டு உட்காருங்க. காலி டிரம்தான், பயப்படாதீங்க.

தார்ப்பாய் போட்டு மூடியிருக்கே, அதுதான் வண்டி. அவுத்துக் காட்டுறேன், என்ன அவசரம்? முதல்ல ஒண்ணு சொல்லுங்க. வர்ற வழியில, கோயிலுக்குப் பின்னாடி பச்சை கேட்டு போட்ட வீட்டுல நின்னுட்டுத்தானே வர்றீங்க? மறைக்காதீங்க. இந்த ஊருல ஒருத்தர் வீட்டு வாசல்ல வெளியூர் பைக் நின்னா, கால்மணி நேரத்துல என் காதுக்கு வந்துரும்.

அங்க ஒரு பழைய மினி டிராக்டர் விலைக்கு நிக்குது. அதையும் பார்த்துட்டு, இதையும் பார்த்துட்டு, புதுசுக்கு இம்புட்டு விலை தகுமா தகாதான்னு முடிவு பண்ணலாம்னு வந்திருக்கீங்க. நல்ல புத்திதான். நானும் உங்களை மாதிரி யோசிச்சவதான். அந்தப் பழைய வண்டிக்காரன் பேரு பாக்கியநாதன். எங்க வீட்டுக்காரரு கூடப்பிறந்த தம்பி. என் கொழுந்தன். நான் அவன்கூடப் பேசி ரெண்டு வருசமாகப் போகுது.

என்ன விலை சொன்னான்? சரி சரி, சொல்ல வேணாம். வித்த காசுல ஜீப் வாங்கி, குமுளிக்கு மேல ஏலத்தோட்டத்துக்கு ஆளுகளை ஏத்திட்டுப் போகப் போறானாம். போவான். நான் விட்டாத்தானே. உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு அந்த வண்டியைக் கேட்டு வந்தாங்க. ரெண்டு பேரும் என்கிட்ட வந்து ஒரு வார்த்தை விசாரிச்சாங்க. அப்படியே ஊரைப் பார்த்துப் போயிட்டாங்க.

ஏன்னு கேக்குறீங்க. கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, என் மேல என்ன தப்புன்னு.

இந்தா தெரியுதே, இது எங்க பந்தல். ரெண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. உங்க ஊருலயும் பந்தல்தான், உங்களுக்கு நான் சொல்ல வேணாம். ஆனாலும் சொல்றேன், சொன்னாத்தான் எனக்கு ஆறும். ஐப்பசி மழை நேரத்துல கொடி பூவுல நிக்குது. மழை விட்ட மறுநாளே மருந்தடிக்கணும். விட்டா செவட்டை நோய் விழும். இலையில எண்ணெய் பட்ட மாதிரி ஒரு புள்ளி, அம்புட்டுதான். மூணாம் நாள் பூவெல்லாம் கருகி, கையால தொட்டா உதிரும். பெரிய டிராக்டர் பந்தலுக்குள்ள நுழையாது. நுழையிற மாதிரி சின்ன வண்டி அன்னைக்கு ஊருக்கே ஒண்ணுதான். பாக்கியநாதன்கிட்ட.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, ஐப்பசியில நாலு நாள் விடாம மழை. அஞ்சாம் நாள் வெயில் அடிச்சது. நான் காலையிலேயே அவன் வீட்டுக்குப் போனேன். நானே போனேன், தம்பி. "பாக்கியம், நம்ம தோட்டத்துக்கு வந்துருப்பா"ன்னேன். "வந்துர்றேன் மதினி"ன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான். அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணுலயே நிக்குது.

அன்னைக்கு வரல. மேற்க இன்னாசி தோட்டத்துல வண்டிச் சத்தம் கேக்குது. மறுநாள் வரல. தெக்க கவுண்டர் தோட்டத்துல சத்தம் கேக்குது. அதுக்கு மறுநாளும் வரல. ஊரு பூராவும் அவன் வண்டி ஓடுது, நான் வரப்புல நின்னு காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறேன். நாலாம் நாள் சாயங்காலம் வந்தான். வந்து என்ன பண்ண? பூவு கருகிப்போச்சு. அவன் வண்டியை விட்டு இறங்கி ஒரு கொத்தைப் பிடிச்சுப் பார்த்துட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "ஏண்டா"ன்னு கேட்டேன். "அண்ணன்கிட்டக் கேளுங்க மதினி"ன்னான்.

பார்த்தீங்களா திமிரை? செய்யிறதையும் செஞ்சுட்டு, அண்ணன்கிட்டக் கேளுங்களாம். நான் எதுக்கு அவருகிட்டக் கேக்கணும்? அவரு வாயில்லாப் பூச்சி. நான் கேக்கவே இல்ல. அந்த வருசம் ஒரு பெட்டி பழம்கூட எங்க தோட்டத்துல இருந்து லாரி ஏறல. கிறிஸ்துமசுக்கு எம்மகளைப் புருசன் வீட்டுல இருந்து கூப்பிடக்கூட முடியல. மத்தவன் பந்தலெல்லாம் கறுகறுன்னு பழுத்துத் தொங்குது. ஊரான் பந்தலைக் காப்பாத்துனான். கூடப்பிறந்தவன் பந்தலை எரிய விட்டான். அன்னைக்கு முடிவு பண்ணேன். இவன் வண்டியைத் துருப்பிடிக்க வைக்கல, என் பேரு சலேத்தம்மா இல்ல.

தையில கொடியை வெட்டிக் கவாத்து முடிச்ச வாரம், ஷோரூமுக்குப் போன் போட்டேன். உங்ககிட்டப் பேசினாரே, அதே மேனேஜர், ஆளோட வந்து வண்டியை இறக்கிக் காட்டுனாரு. ஒரு நோட்டை எடுத்து, டீசல் எம்புட்டு, வாடகை எம்புட்டு, எத்தனை வருசத்துல போட்ட காசு திரும்பும்னு எழுதிக்கிட்டே போனாரு. நான் அந்த நோட்டைப் பார்க்கவே இல்ல. "அண்ணே, இந்த வண்டி வந்தா இந்த ஊருல இன்னொரு வண்டிக்கு வேலை இருக்குமா?"ன்னு கேட்டேன். அவரு என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, "இருக்காதுக்கா"ன்னாரு. சரி, விலை தகும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

எங்க வீட்டுக்காரரு, பேரு சவரிமுத்து, "இப்ப எதுக்கு இம்புட்டு விலையில?"ன்னு இழுத்தாரு. அவரை யாரு கேட்டா? எங்கப்பா எனக்குன்னு எழுதி வச்ச தோப்பு ஒண்ணு இருந்துச்சு, சின்னமனூருப் பக்கம். நாப்பது தென்னை. வித்துட்டேன். எங்கண்ணன் பத்திர ஆபீஸ் வாசல்ல நின்னு அழுதான். நான் அழல. நான் டிராக்டர் கலரை நினைச்சுக்கிட்டு நின்னேன்.

ஓட்டிப் பார்க்காம வாங்கல, கேட்டுக்கங்க. நானே சீட்டுல உட்கார்ந்தேன். இந்தப் பந்தலுக்குள்ளேயே ஒரு சுத்து விட்டுக் காட்டுனாங்க. தலைக்கு மேல ஒரு சாண் இடம் கிடந்துச்சு. வழவழன்னு போச்சு.

வண்டி வந்த ஞாயித்துக்கிழமை பாதரை வச்சு மந்திரிச்சேன். மாலை போட்டு, வெடி வச்சு, நேரா வீட்டுக்கு வராம, கோயிலைச் சுத்தி அவன் வீட்டு வழியா விட்டேன். அந்தப் பச்சை கேட்டு முன்னாடி நிறுத்தி, ரெண்டு சரம் கூடுதலா வெடிக்கச் சொன்னேன். பாக்கியநாதன் வெளிய வந்தான். வண்டியைச் சுத்திப் பார்த்தான். டயரைக் கையால தட்டுனான். "நல்ல வண்டி மதினி. ஆனா கொடி தழைஞ்சதுக்கு அப்புறம் பந்தலை அளந்து பார்த்தீங்களா? இதோட டயர் பெருசு"ன்னான்.

எம்புட்டு வயித்தெரிச்சல் பாருங்க. வெடிப் புகைக்குள்ள நின்னுக்கிட்டு, ஒரு நல்ல வார்த்தை வாயில வருதா? "உன் வண்டியை நீ அளந்துக்க"ன்னேன். ஊரே சிரிச்சது. அவன் உள்ள போயிட்டான்.

அப்புறம் என் ஆட்டம்தான். பள்ளிக்கூட மைதானத்துல பத்து நாள் ஓட்டிப் பழகுனேன். வீட்டுக்காரரு சட்டையை மேல போட்டுக்கிட்டு, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, நானே ஓட்டுனேன். பொம்பளை டிராக்டர் ஓட்டுறான்னு வேடிக்கை பார்க்க ஆளு வந்துச்சு. அவன் வாடிக்கையெல்லாம் ஒவ்வொண்ணா இழுத்தேன். வாழைக்காடு, கத்தரிக்காடு, தென்னந்தோப்பு, எங்க அவன் உழுதானோ அங்கெல்லாம் போயி, அவன் கேக்குற வாடகையில பாதிக்கு ஓட்டுறேன்னு நின்னேன். டீசலுக்கே கட்டுமான்னு கேக்காதீங்க. கட்டல. அதுக்கா நான் ஓட்டுனேன்? தினம் அவன் வீட்டைத் தாண்டும்போது ஹாரனை அமுக்குனேன். ஒரு நாள் விடல. காய்ச்சலா இருந்த அன்னைக்குக்கூடப் போயி அமுக்கிட்டு வந்து படுத்தேன்.

ரெண்டு வருசம். இப்ப அவன் வண்டி விலைக்கு நிக்குது. ஜெயிச்சுட்டேன்ல?

என்ன கேட்டீங்க? அந்த ஹோஸா? அது சும்மா கிடக்கு. பாத்தி நனைக்கிறதுக்கு. மருந்து வாடையா? ஆமா, அது... தோட்டம்னா மருந்து வாடை அடிக்கத்தானே செய்யும். ஏன் எந்திரிக்கிறீங்க? அந்த டேப்பைப் பைக்குள்ள வைங்க தம்பி. அளக்கணுமா? நான் சொன்னா நம்ப மாட்டீங்களா? தார்ப்பாயை இழுக்காதீங்க. சரி. அளங்க. நல்லா அளங்க. பந்தலையும் அளங்க. அந்தக் கொத்து தொங்குதே, அதோட நுனியில இருந்து அளங்க.

எம்புட்டு வருது?

ம். எனக்குத் தெரியும்.

உட்காருங்க. திராட்சைக்காரன்னு தெரிஞ்சும் உங்ககிட்ட அளந்து விட்டேன் பாருங்க, எனக்கு வேணும். மொட்டைப் பந்தலுக்குள்ள ஓட்டிப் பார்த்து வண்டி வாங்குனேன், தம்பி. முப்பது வருசமா பந்தலுக்குக் கீழேயே கிடக்குறவ. கொடி தழைஞ்சா கம்பி ஒரு சாண் தொய்யும், பூவும் பிஞ்சும் இன்னொரு சாண் தொங்கும்னு பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? அன்னைக்கு என் கண்ணுக்குப் பந்தல் தெரியல. அவன் மூஞ்சிதான் தெரிஞ்சது.

முதல் தடவை மருந்தடிக்க உள்ள விட்டேன். மூணு கல்லுக்கால் தாண்டல. சைலன்சர் கொத்தைச் சுட்டுக்கிட்டே போகுது, தளிரெல்லாம் பிய்ச்சுக்கிட்டு வந்து மடியில விழுது, ஒரு கம்பி என் தலைத்துண்டோட கொண்டையையும் சேர்த்துப் பிடிச்சுக்கிச்சு. கம்பியில மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். வீட்டுக்காரருதான் வந்து எடுத்து விட்டாரு. சிரிச்சிருந்தா அடிச்சிருப்பேன். சிரிக்கல. வண்டியைப் பின்னாடி எடுக்கச் சொல்லிட்டு, மோட்டார் ரூமுக்குப் போயி, அந்த ஹோஸை எடுத்துட்டு வந்து வச்சாரு. அன்னையில இருந்து வண்டி வரப்புலதான் நிக்கும். ஹோஸை இழுத்துக்கிட்டு நானும் ரெண்டு பொம்பளைகளும் உள்ள போவோம். மூணு நாள் ஆகும். ஊருல யாருக்கும் தெரியாது. வெளிய நிக்கிற வண்டி யாரு கண்ணுலயும் படக்கூடாது, தார்ப்பாய் எதுக்குன்னு இப்பப் புரியுதா?

பாக்கியநாதன் வண்டி பந்தலுக்குள்ள போகும். சீட்டைப் பட்டறையில குடுத்து இறக்கி, சைலன்சரைக் கீழ திருப்பி வச்சிருக்கான். சின்ன டயரு. இஞ்சினைப் பிரிச்ச வண்டின்னு அந்த ரெண்டு பேருகிட்டயும் சொன்னேன். பொய். அவன் கை படாம ஒரு ஆணிகூட அந்த வண்டியில கழண்டதில்ல. பிள்ளை மாதிரி வச்சிருக்கான். பந்தல் வேலையை மட்டும் வச்சுக்கிட்டு வருசம் பூரா பிழைக்க முடியாம விலைக்கு விட்டிருக்கான்.

இன்னொண்ணும் இருக்கு. சொல்லலாமா வேணாமான்னு வாயில வச்சிருக்கேன். சொல்லிர்றேன்.

போன பெரிய வெள்ளிக்கிழமை கோயில்ல இருந்து வந்தோம். வீட்டுக்காரரு கஞ்சியைத் தொடல. "சலேத்து, அந்த மழையில அவனைக் கடைசியா வரச் சொன்னது நான்தான்"னாரு. என்ன சொல்றீங்கன்னேன். "நீ போயிட்டு வந்ததுக்கு அப்புறம் அவன் என்கிட்ட வந்து, அண்ணே முதல்ல நம்ம தோட்டத்துக்குப் போறேன்னான். நான்தான் வேணாம்னேன். முதல்ல வெளியாளுக்கு அடிச்சுக் குடு, சொந்த அண்ணன் தோட்டத்துக்கு முதல்ல ஓடிட்டான்னு நாளைக்கு ஊரு பேசும், நம்ம வீடு கடைசியில இருக்கட்டும்னேன்"னாரு.

எங்க பக்கம் அப்படித்தான், தம்பி. கல்யாணமா இருக்கட்டும், கோயில் அசன விருந்தா இருக்கட்டும், வெளியாளுக பந்தி முடிஞ்சுதான் வீட்டாளுக இலையில உட்காரணும். சொந்தக்காரன் முதல் பந்தியில உட்கார்ந்தா அது பெரிய கேவலம். அந்த மரியாதையை இந்த மனுசன் செவட்டைக்கும் பார்த்திருக்காரு. செவட்டை பந்தி பார்த்தா வருது?

நான் நம்பல. தம்பியைக் காப்பாத்தப் பொய் சொல்றீங்கன்னு கத்துனேன். அவரு கஞ்சியை மூடி வச்சுட்டுப் படுத்துட்டாரு. ஒரு வருசத்துக்கு மேல என் ஹாரன் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள உட்கார்ந்திருந்த ஆளு, அப்ப மட்டும் என்ன பேசுவாரு?

சரி, உண்மைன்னே வச்சுக்குவோம். உண்மைதான். எனக்குத் தெரியாமயா இருக்கு? ஆனா உண்மைன்னு ஒத்துக்கிட்டா நான் என்ன பண்றது, சொல்லுங்க. நாப்பது தென்னையை வித்தாச்சு. வெடி வச்சாச்சு. ரெண்டு வருசம் ஒருத்தன் குடியைக் கெடுத்தாச்சு. அதெல்லாம் ஒண்ணுமில்லைன்னு போயி அந்தக் கேட்டு முன்னாடி நிக்கவா? அதுவும் அவன் வாயைத் திறந்து, "அண்ணன்தான் சொன்னாரு"ன்னு ஒரு வார்த்தை பட்டுன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அண்ணனைக் காட்டிக் குடுக்க மாட்டானாம். இவன் நல்லவனாகுறதுக்கு நான் கெட்டவளாகணுமா? அதுக்கும் சேர்த்து எனக்கு அவன் மேல ஆத்திரம்தான். ஈஸ்டர் அன்னைக்கும் ஹாரனை அமுக்குனேன். விடல.

அந்த இலையைப் பறிங்க. அந்த மூணாவது கல்லுக்கால்ல, கீழ தொங்குதே, அதுதான். வெயிலுக்கு நேராப் பிடிச்சுப் பாருங்க. தெரியுதா, எண்ணெய்ப் புள்ளி? நேத்து ராத்திரி வரைக்கும் மழை. இன்னைக்குக் காலையில பார்த்தேன், நாலஞ்சு இலையில இருக்கு. ஹோஸ் இழுக்க வர்ற ரெண்டு பேருல ஒருத்திக்குக் காய்ச்சல். இந்த வருசமும் போச்சுன்னா பந்தலை அத்துப்போட்டுட்டுப் போக வேண்டியதுதான். அவன் வண்டி இருந்தா ஒன்றரை மணி நேர வேலை. போயி கேக்க என் கால் வராது. செத்தாலும் வராது.

அதனால இப்ப நல்லாக் கேளுங்க. புதுசுக்கு இம்புட்டு விலை தகுமான்னுதானே வந்தீங்க? தகாது. நம்ம மாதிரி பந்தல்காரனுக்குத் தகவே தகாது. அந்த மேனேஜருகிட்ட நான் சொன்னேன்னே சொல்லுங்க, எனக்கென்ன பயம்? நீங்க அந்தப் பழைய வண்டியை வாங்குங்க. இன்னைக்கே அட்வான்ஸைக் குடுங்க. அவன் சொல்ற விலையில ரொம்பக் குறைக்காதீங்க. அந்த வண்டிக்கு அது நியாயம்தான். பேசிப் பேசி இழுத்தடிச்சீங்கன்னா பொழுது போயிரும்.

ஆனா ஒரு நிபந்தனை. உங்க ஊருக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி, நாளைக்கு விடிஞ்சதும் வண்டி என் பந்தலுக்கு வரணும். முதல்ல. இன்னாசிக்கு முன்னாடி, கவுண்டருக்கு முன்னாடி, உங்க தோட்டத்துக்கும் முன்னாடி. வாடகை என்னவோ அதைக் கை மேல தர்றேன்.

உங்களுக்கு இந்தப் பந்தல் பழக்கமில்ல, கல்லுக்கால்ல இடிச்சிருவீங்க. அவனையே ஓட்டச் சொல்லுங்க. வண்டி உங்களது, பந்தல் என்னது, அவன் வெறும் டிரைவரு. பேட்டா வாங்கிட்டு ஓட்டட்டும். என் கொழுந்தன் என் தோட்டத்துக்குக் கூலி ஆளா வரணும், அதை நான் வரப்புல நின்னு பார்க்கணும். ரெண்டு வருசமா நான் காத்துக் கிடந்தது இதுக்குத்தான்னு வச்சுக்கங்க. வேற எதுவும் நினைச்சுக்காதீங்க. அவன்கிட்டயும் சொல்லாதீங்க. மதினி வரச் சொன்னாங்களான்னு கேட்டா, எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க.

அடிச்சு முடிச்சதும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும், ரெண்டு பேரும். கோழி அடிக்கிறேன். நீங்க விருந்தாளி, அவன் கூலிக்கு வந்தவன், ரெண்டு பேருமே வெளியாளு. வெளியாளுக்குத்தானே முதல்ல இலை போடணும்? எங்க வீட்டுக்காரரு கடைசியில சாப்பிடட்டும். மிச்சம் இருந்தா.